கவுன்டி தேர்தலில் எங்கள் கடைக்காரர்: வாக்களிக்கலாமா?

கேள்வி:
குடியுரிமை பெற்றபின் டெக்சாஸில் எனக்கு இது முதல் தேர்தல். எங்கள் பகுதி இரும்புக்கடைக்காரர் எங்கள் கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கமிஷனர் பதவிக்கு நிற்கிறார். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எங்கள் வீட்டுக் குழாய் வெடித்தபோது, டார்ச் விளக்கைப் பல்லில் கடித்தபடி ஈரத்தரையில் மண்டியிட்டு அடைத்தவர் அவர். காசு வாங்க மறுத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் உணவு வங்கியில் அரிசி மூட்டை தூக்குகிறார். இந்த நன்றி மட்டும் போதுமா? அந்தப் பதவியின் வேலைதான் என்ன?

பதில் 1:
தம்பி, நல்ல மனிதர் என்பது பாதிதான். கவுன்டி ஜட்ஜும் (கவுன்டி நிர்வாகத்தின் தலைவர்) நான்கு கமிஷனர்களும் சேர்ந்து வரவுசெலவு, சொத்து வரி விகிதம், சாலை, சிறைச் செலவு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள். பதவிக்காலம் 4 ஆண்டுகள். பட்ஜெட்டைப் படித்தாரா என்று நேரிலேயே கேளுங்கள்.

பதில் 2:
அவர் நிற்பது உங்கள் தொகுதியில்தானா என்று முதலில் பாருங்கள். தேர்தலுக்கு 30 நாள் முன்பே வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும்.

கேட்டவர்:
பதிந்துவிட்டேன் அண்ணா, தொகுதியும் எங்களுடையதுதான். இன்று கடைக்குப் போனேன். கல்லாவுக்கு அடியிலிருந்து பட்ஜெட் பிரதியை எடுத்தார். சாலைப் பக்கங்கள் முழுக்கப் பென்சில் கோடுகள். சிறைச் செலவைக் கேட்டேன். இன்னும் படிக்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன்.