மெட்ராஸ் டெரஸ் வேலை தெரிந்த கொத்தனார் தேவை (ராயபுரம்)

குழு நண்பர்களுக்கு வணக்கம். ராயபுரத்தில் எங்கள் பழைய குடும்ப வீட்டைச் சீரமைக்க வேண்டும். திண்ணை, முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய பாணிச் சுண்ணாம்புத் தளம். வந்து பார்த்த மேஸ்திரிகள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "தளத்தை உடைத்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் சார்." உடைக்க எனக்கு மனமில்லை, அதற்கு அவசியமும் தெரியவில்லை.

தேக்குக் கட்டைகளின் மேல் அச்சுக்கற்களை (சிறிய, மெல்லிய செங்கற்கள்) நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, தட்டையான ஓடு பதித்த தளம். கூடத்தில் கட்டைகள் இரும்பு போல உறுதியாக இருக்கின்றன. சமையலறைப் பக்கம் மட்டும், சுவருக்குள் செருகிய முனைகள் மட்கிவிட்டன. ஆணியால் குத்தினால் மாவாக உதிர்கிறது.

சுவர் தனிக் கதை. முன்பு யாரோ கீழ்ப்பகுதியில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, சிமெண்டு முடிகிற இடத்தில் உப்பு பூத்துக் காரை பொரிந்து விழுகிறது. கடற்காற்று வேறு.

மட்கிய முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கை இணைக்கலாமா, முழுக் கட்டையையும் மாற்ற வேண்டுமா? அச்சுக்கல் இப்போது எங்கே கிடைக்கும்? பழைய வீடு இடிக்கும் இடங்களில் வாங்கினால் நம்பலாமா? கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கிறார்களா?

ஐப்பசி மழைக்கு முன் தளவேலை முடிய வேண்டும். இத்தகைய வேலையை நேரில் செய்வித்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. "விற்றுவிடுங்கள்" என்ற யோசனை மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.