நரம்பு முதலில் வருமா, ஏற்பி முதலில் வருமா?

விலங்கியல் டீச்சர்:
வணக்கம். பிளஸ் ஒன் மாணவிகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். நேற்று சினாப்ஸ் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, இந்தப் பக்கம் நரம்பு முனை, அந்தப் பக்கம் நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பிகளோடு தசை, நடுவில் இடைவெளி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மிஸ், வயிற்றுக்குள் குழந்தை வளரும்போது நரம்பு முதலில் வருமா, தசையில் இருக்கிற ஏற்பி முதலில் வருமா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். என்னிடம் இருக்கும் புத்தகங்களில் கட்டி முடித்த சினாப்ஸ்தான் இருக்கிறது, கட்டுகிற கதை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நுண்ணோக்கி:
டீச்சர், அந்தப் பெண்ணிடம் என் பாராட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்தத் துறையில் பல வருடம் விவாதித்த கேள்வி அது. நான் மூன்று வருடம் எலிக்குட்டிகளின் தசையில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலியின் உதரவிதானத்தில், அதாவது மூச்சை இழுக்கும் தசையில், நரம்பு வந்து தொடுவதற்கு முன்பே, தசையின் நடுப்பகுதியில், அசிட்டைல்கோலின் என்ற நரம்பின் செய்தி வேதிப்பொருளைப் பிடிக்கும் ஏற்பிகள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சேர ஆரம்பித்துவிடும். அதனால் ஏற்பிதான் முந்தி. ஆனால் நரம்பு வராவிட்டால் அந்தக் கூட்டங்கள் நிலைக்காது. நரம்பின் நுனியில் விரல்களை நீட்டி நீட்டித் தடவிப் பார்த்து வரும் வளர்கூம்பு ஒன்று இருக்கும். 1890-இல் கஹால் என்ற ஸ்பானிய விஞ்ஞானி கோழிக் கருவில் கண்டு எழுதியது. அது தசையில் வந்து அமர்ந்ததும் அக்ரின் என்ற புரதத்தை விடும். அந்த அக்ரின் தசையிலுள்ள மஸ்க் என்ற புரதத்தை முடுக்கிவிட, நரம்புக்கு நேர் கீழே இருக்கும் ஏற்பிகள் மட்டும் கலையாமல் இறுகும். அதே நரம்பு விடும் அசிட்டைல்கோலின், தள்ளியிருக்கும் கூட்டங்களைக் கலைத்துவிடும். 1996-இல் அக்ரின் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். நரம்பும் தசையும் இருந்தன, ஒழுங்கான சினாப்ஸ் இல்லை. ஒரு குட்டிகூடப் பிழைக்கவில்லை.

அப்புறம், பாடத்தில் வராத இன்னொரு விஷயம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பிறந்த எலிக்குட்டியில் ஒரே தசை இழைக்குப் பல நரம்புகள் வந்து ஒட்டியிருக்கும். இரண்டு வாரத்துக்குள் ஒன்றே ஒன்று மிஞ்சும்.

ஏற்பிகளைச் சிவப்பாக ஒளிர வைக்க ஒரு பாம்பு நஞ்சுப் புரதத்தைப் பயன்படுத்துவோம். நம்மூர் கட்டுவிரியனின் உறவுக்காரப் பாம்பு அது, தைவான், தென்சீனப் பக்கம் இருப்பது. ஏற்பியைப் பிடித்தால் லேசில் விடாது. நரம்புகளுக்கு வேறு நிறம். முதல் வாரத்துக் குட்டியில் சிவப்புத் திட்டு அடைபோல வட்டமாக இருக்கும், மேலே இரண்டு நரம்புகள் பாதிப் பாதி இடம் பிடித்திருக்கும். சில நாள் மூத்த குட்டியில் ஒன்று முக்கால்வாசியை வளைத்திருக்கும். மற்றது மெலிந்து, நுனியில் குமிழ்போல உருண்டு, பின்வாங்கியபடி நிற்கும். அந்தக் குமிழை முதலில் பார்த்த அன்று சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். வளர வளர அந்த அடையில் ஓட்டைகள் விழுந்து முறுக்கு வடிவத்துக்கு வந்துவிடும்.

பின்வாங்கும் நரம்பின் போட்டியாளரை லேசரால் அகற்றினால், போய்க்கொண்டிருந்தது திரும்பி வந்து முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் அது பலவீனமான நரம்பு என்று சொல்லிவிட முடியாது.

நிலாவின் அம்மா:
இதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. என் மகளுக்கு நான்கு வயது, இடது கண்ணில் பார்வை குறைவு. நல்ல கண்ணைத் தினமும் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நன்றாகத் தெரிகிற கண்ணை எதற்கு மூட வேண்டும் என்று மாமியார் கேட்கிறார். இதுவும் அந்தப் போட்டிதானா?

நுண்ணோக்கி:
ஆமாம் அக்கா, மூளையில் நடக்கும் அதே மாதிரியான போட்டி. 1960-களில் ஹியூபல், வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் தைத்து மூடி வைத்தார்கள். திறந்த பிறகு கண்ணில் பெரிய குறை இல்லை, ஆனால் மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியான பார்வைப் புறணியின் செல்கள் பெரும்பாலும் மற்றக் கண்ணுக்கே பதில் சொல்லின. வளர்ந்த பூனையில் அப்படி ஆகவில்லை. 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடினால், இடது கண்ணின் இணைப்புகளுக்கு இடம் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கும். மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதை அவர் சொன்னபடியே செய்யுங்கள். வயது ஏற ஏறப் பலன் குறையும், அதனால் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

விலங்கியல் டீச்சர்:
இன்று வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து அடுத்த கேள்வி: "போட்டியில் தோற்ற நரம்பு செத்துப்போகுமா மிஸ்?"

நுண்ணோக்கி:
சாகாது டீச்சர். ஒரு நரம்பு செல் பல இழைகளுக்குக் கிளை விட்டிருக்கும். இங்கே தோற்றது பக்கத்து இழையில் ஜெயித்திருக்கும். செல்லே சாகிற கட்டம் தனி, அது முன்னாடியே நடந்து முடிந்துவிடும். கோழிக் கருவில் உருவாகும், தசைகளை இயக்கும் நரம்பு செல்களில் ஏறக்குறைய பாதி, குஞ்சு முட்டையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இறந்துவிடும். ஏன் என்று அடுத்து கேட்பாள், நாளைக்கே எழுதுகிறேன்.