"ஒவ்வொருவரும் ஓட்டுப் போட்டார்களாம்!"

கூவம்கரையான்: அரசமைப்பு நாளான நவம்பர் 26 வந்தால் போதும், எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அரசமைப்பு மழை கொட்டும். இந்தத் தடவை வந்த செய்தி: "உலகிலேயே மிக ஜனநாயகமான அரசமைப்பு நம்முடையது. நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை எழுதியது." அனுப்பியவர் இந்த இணைய மன்றத்துக்கும் தினம் வந்து போகிறவர்தான், பேர் சொல்லவில்லை. ஐயா, ஒவ்வொருவருமா? 1946 மாகாணத் தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 28 பேருக்குத்தான் ஓட்டு. வரி கட்டியிருக்க வேண்டும், சொத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படித்திருக்க வேண்டும். அந்த 28 பேர் தேர்ந்தெடுத்த மாகாண உறுப்பினர்கள்தான் அரசமைப்பு நிர்ணய சபைக்கு ஆள் அனுப்பினார்கள். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்கு ஓட்டு கிடையாது. அப்புறம் எங்கிருந்து வந்தது "இந்திய மக்களாகிய நாம்"?

பாரிமுனை கருப்புக்கோட்டு: அனுப்பியது நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. முதலில் எண்ணை ஒழுங்காகச் சொல்லுங்கள். வயது வந்தவர்களில் 28 சதவீதம், மொத்த மக்கள்தொகையில் அல்ல. சட்டம் தெரியாதவர்கள் சட்டம் பேசினால் இப்படித்தான். யார் எழுதினார்கள் என்பதா முக்கியம், என்ன எழுதினார்கள் என்பதா? 326ஆம் உறுப்பைத் திறந்து பாருங்கள். 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு. 1989இல் அது 18 ஆனது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள்.

கூவம்கரையான்: மொத்த மக்கள்தொகையில் என்று பார்த்தால் இன்னும் குறைந்துதானே போகும்? எனக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறீர்கள். நன்றி வக்கீல் சார். நான் சுவிட்சர்லாந்தைக் கேட்கவில்லை. "ஒவ்வொருவரும்" என்று எழுதினீர்களே, அதைக் கேட்கிறேன்.

வரலாற்று டீச்சர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்னை மாகாணத்துக்கு அந்தச் சபையில் 49 இடம். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் மூவரும் இங்கிருந்து போன பெண்கள்தான். ஆகவே 28 சதவீதம் என்பதை வைத்து மட்டும் அந்தச் சபையை எடை போட முடியாது. நீங்கள் இருவரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. முதல் திருத்தம் 1951 ஜூனில் வந்தது. அதற்குக் காரணமான இரண்டு வழக்குகள் நம் ஊரிலிருந்து போனவை: சம்பகம் துரைராஜன் வழக்கில் இடஒதுக்கீடு தந்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றாயிற்று, 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னை அரசு போட்ட தடையும் செல்லாது என்றாயிற்று. உடனே திருத்தினார்கள். திருத்தியது யார்? அதே நிர்ணய சபை, தற்காலிக நாடாளுமன்றம் என்ற பேரில். எல்லாருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் பொதுத் தேர்தல் அதற்குப் பிறகு, அக்டோபரில்தான் தொடங்கியது.

கூவம்கரையான்: பார்த்தீர்களா, டீச்சரும் என் பக்கம்!

வரலாற்று டீச்சர்: நான் யார் பக்கமும் இல்லை. அந்தத் திருத்தத்தால்தான் இடஒதுக்கீடு பிழைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டு வாங்காத சபை செய்த நல்ல காரியம் அது. பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வந்ததும் அதே திருத்தத்தில்தான்.

கூவம்கரையான்: நல்ல காரியம், கெட்ட காரியம் வேறு கணக்கு. ஓட்டு 28தான்.

அம்பத்தூர் அன்பு: அண்ணே, எழுபத்தைந்து வருடத்துக்கு முந்தின கதையை விடுங்க. 356ஆம் உறுப்பைப் பாருங்க. நம் மாநில அரசை 1976இல் கலைத்தார்கள், 1980இல் கலைத்தார்கள், 1991 ஜனவரியில் ஆளுநர் அறிக்கையே இல்லாமல் கலைத்தார்கள். நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த அரசாங்கத்தை டில்லியில் ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதி வைத்துவிட்டு, ஜனநாயகமாம்!

பாரிமுனை கருப்புக்கோட்டு: தம்பி, 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு தெரியுமா? அதற்குப் பிறகு அப்படிச் சுலபமாகக் கலைக்க முடியாது.

அம்பத்தூர் அன்பு: கலைக்க வேண்டாம் சார், ஆளுநர் மசோதாவை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதாதா? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 10 மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, ஆளுநருக்குக் கெடு வைக்க முடியாது என்றார்கள். இதில் நான் போட்ட ஓட்டு எங்கே இருக்கிறது?

கூவம்கரையான்: அன்பு சொல்வது சரி, ஆனால் திரி வேறு பக்கம் போகிறது. வக்கீல் சார் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவருமா, 28ஆ? அயர்லாந்தில் 1937இல் அரசமைப்பை மக்கள் முன் வைத்து ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நம்மிடம் யார் கேட்டார்கள்?

மாம்பலம் ரயிலடி: எல்லாரும் ஒரு நிமிடம். ஜனநாயகம் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமா?

கூவம்கரையான்: வந்துவிட்டார் அகராதி. 2015 வெள்ளத்தைப் பற்றிய திரியிலும் "வெள்ளம் என்றால் என்ன" என்று கேட்டவர் இவர்தான். எங்கள் வீட்டில் அப்போது இடுப்பளவுத் தண்ணீர்.

மாம்பலம் ரயிலடி: நான் கேட்டது ஏரி திறப்பைப் பற்றி. பத்து வருடமாக இதையே சொல்கிறீர்கள். இன்னொன்று, "அரசமைப்பு" என்று எழுதுகிறீர்களே, அரசியல் சாசனம் என்று சொன்னால் நாக்கு சுளுக்குமா?

அம்பத்தூர் அன்பு: சாசனம் வடமொழி. இதற்குத் தனித் திரி போடுங்க.

பாரிமுனை கருப்புக்கோட்டு: உங்கள் பிரச்சினை வேறு கூவம்கரையாரே. நம் நாட்டில் எதுவுமே உருப்படியாக நடக்கவில்லை என்று சொன்னால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். ஜனநாயகம் நமக்கு வெள்ளைக்காரன் தந்ததும் இல்லை, 1950இல் முளைத்ததும் இல்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பு, பராந்தகச் சோழன் காலத்திலேயே உத்திரமேரூரில் குடவோலை போட்டவர்கள் நாம். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை, போய்க் கல்வெட்டைப் படியுங்கள்.

கூவம்கரையான்: இதற்குத்தான் காத்திருந்தேன்! போய்ப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஓலையில் பேர் எழுதப்பட வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். என் தாத்தாவுக்கு அங்கேயும் இடமில்லை. உங்கள் உத்திரமேரூரும் ஒரு 28தான். அதே கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரையும், அவர் உறவினர் பேரையும் குடத்தில் போடக் கூடாது. இதை நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் படித்தாரா என்று தெரியவில்லை. ஆறு வருடமாக அவர்தான் செயலாளர். பொதுக்குழு எப்போது நடந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

வரலாற்று டீச்சர்: அட, நீங்கள் இருவரும் ஒரே குடியிருப்பா?

பாரிமுனை கருப்புக்கோட்டு: தனிப்பட்ட விஷயத்தை இங்கே இழுப்பது அநாகரிகம். கணக்கு நோட்டு என் வீட்டில்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை தவிர. பராமரிப்புத் தொகையை நான்கு மாதமாகக் கட்டாதவருக்குச் சங்க விதிப்படி ஓட்டே கிடையாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அம்பத்தூர் அன்பு: அடேங்கப்பா, வரி கட்டினால்தான் ஓட்டு. மறுபடி 1946!

கூவம்கரையான்: லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை, அதனால் கட்டவில்லை. என் அம்மா நான்கு மாடி ஏறி இறங்குகிறாள். சரி, அது கிடக்கட்டும். என் கேள்விக்கு வருகிறேன்.

மாம்பலம் ரயிலடி: கட்டாமல் இருந்தால் லிஃப்ட் எப்படி ஓடும்?

வரலாற்று டீச்சர்: முதல் திருத்தத்தைப் பற்றி யாராவது...

பாரிமுனை கருப்புக்கோட்டு: இப்போதும் சொல்கிறேன், உலகிலேயே மிக ஜனநாயகமான அரசமைப்பு நம்முடையதுதான். அடுத்த நவம்பரிலும் அதே செய்தியைத்தான் அனுப்புவேன். பிடிக்காதவர்கள் குழுவை விட்டு விலகலாம்.

கூவம்கரையான்: அனுப்புங்கள். கீழே ஒரே ஒரு எண் போடுவேன். என்ன எண் என்று உங்களுக்கே தெரியும்.