ஐ.நா. ஓய்வூதியம்: வேலூர்ப் பக்கம் விவரம் தெரிந்தவர் உண்டா?

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் டாலரில் வருகிறது. வரியில்தான் சிக்கல். ஐ.நா. சம்பளத்துக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வரி இல்லை. ஓய்வூதியத்துக்கும் அந்த விலக்கு உண்டு என்கிறார் மாமனார். ஆடிட்டர் தலையாட்ட மறுக்கிறார். தோல் ஏற்றுமதிக் கணக்கு என்றால் நம் ஊர் ஆடிட்டர்கள் தூக்கத்திலும் போட்டுவிடுவார்கள், இதற்கு விழிக்கிறார்கள்!

ஆண்டுதோறும் வரும் உரிமைச் சான்றுப் படிவம் (ஓய்வூதியர் உயிருடன் இருப்பதற்கான சான்று) இன்னொரு சிக்கல். ‘ஜீவன் பிரமாண்’ மின்னணு வாழ்நாள் சான்றுக்குக் கைரேகை வைத்தாயிற்றே என்று வங்கியில் கேட்கிறார்கள். அது இங்குள்ள ஓய்வூதியங்களுக்கானது. இந்தப் படிவத்தில் மாமனார் மையில் கையெழுத்திட்டு ஐ.நா. ஓய்வூதிய நிதிக்கே அனுப்ப வேண்டும். கை நடுக்கத்தால் கையெழுத்து மாறிவிட்டது. இதே நிலை வந்தவர்கள் என்ன செய்தீர்கள்? இத்தகைய கணக்கைத் தாக்கல் செய்த ஆடிட்டர் வேலூர், ராணிப்பேட்டையில் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.