ஜாவா: 138இல் வெட்டிய டிக்கெட்டின் பணம் 100ஆம் இலக்க பஸ்ஸிலும் ஏறுகிறது, ஏன்?

வெள்ளவத்தை அறைவாசி கேட்கிறார்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொழும்பில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். உயர்தரத்தில் பைதன் எழுதிப் பழகியவன். இந்த செமஸ்டரில் ஜாவாவில் பொருள்நோக்கு நிரலாக்கம். விரிவுரையில் எல்லாம் விளங்குகிறது. அறைக்கு வந்து கணினியைத் திறந்தால் கை ஓடவில்லை.

ஒப்படை இதுதான். பஸ் என்று ஒரு கிளாஸ், அதாவது பஸ்களை உருவாக்கும் அச்சு. அதற்குப் பாதை இலக்கம், வகை, அன்றைய வசூல். சாதாரண கட்டணத்தின் ஒன்றரை மடங்கு அரைச் சொகுசுக்கு, இரண்டு மடங்கு குளிரூட்டிய பஸ்ஸுக்கு. டிக்கெட் கொடுத்தால் வசூல் கூட வேண்டும். 138, 100 என்று இரண்டு பஸ் உருவாக்கினேன். 138இல் மகரகமைக்கு ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டு வசூலை அச்சிட்டால், 100ஆம் இலக்கத்திலும் அதே தொகை நிற்கிறது! அந்தப் பாணந்துறை பஸ் இன்னும் புறக்கோட்டையை விட்டே கிளம்பவில்லை.

தொடக்கத்தில், நிரல் ஓடத் தொடங்கும் மெயினுக்குள் நின்று வசூலைத் தொட்டபோது, ஸ்டாட்டிக் அல்லாத மாறியை இங்கிருந்து தொட முடியாது என்று, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் சிவப்புக் கோடு போட்டது. பக்கத்தில் ஒரு மின்குமிழ்ப் படம் தெரிந்தது. அழுத்தினேன், மாறிக்கு முன்னால் ஸ்டாட்டிக் வந்தது, சிவப்பு மறைந்தது. மற்ற மாறிகளுக்கும் அப்படியே செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டிக்கெட் தொகைகளை அரேலிஸ்ட் என்ற பட்டியலில் வைத்து, இரண்டு தொகைகள் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுப் பார்க்கிறேன். 100 ரூபாய் டிக்கெட் இரண்டும் சமம் என்கிறது. 150 ரூபாய் டிக்கெட் இரண்டும் சமமில்லை என்கிறது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

தெமட்டகொடை:

ஸ்டாட்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சரியாகிவிடும்.

வெள்ளவத்தை அறைவாசி:

எடுத்தேன் அண்ணா. பழைய சிவப்புக் கோடு திரும்பி வந்துவிட்டது.

ஆய்வுகூட அக்கா:

வரத்தான் செய்யும் தம்பி. மின்குமிழை அழுத்தித் தப்பிய ஒப்படைகளை நான் ஆய்வுகூடத்தில் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். அந்தக் குமிழுக்குக் கோட்டை அழிக்கத் தெரியும். நீர் என்ன நினைத்து எழுதினீர் என்று தெரியாது.

பைதனில் ஒவ்வொரு மெதட்டிலும், அதாவது கிளாஸுக்குள் எழுதும் ஒவ்வொரு செயலிலும், முதல் ஆளாக செல்ஃப் என்று எழுதினீரே, அது எந்த ஒப்ஜெக்டைப் பற்றி (கிளாஸிலிருந்து உருவாக்கிய எந்த பஸ்ஸைப் பற்றி) பேசுகிறோம் என்று சொல்வதற்காக. ஜாவாவிலும் அது உண்டு, பெயர் திஸ். நீர் எழுதாவிட்டாலும் கம்பைலர் தானாகச் சேர்த்துக்கொள்ளும், அதனால் கண்ணில் படுவதில்லை. ஸ்டாட்டிக் மெதட்டுகளுக்குள் திஸ் கிடையாது; உமது மெயினும் ஸ்டாட்டிக்தான். ஒரு ஒப்ஜெக்டையும் உருவாக்காமலேயே மெயினை அழைத்துத்தான் நிரல் தொடங்குகிறது. பஸ்ஸே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு "வசூல்" என்று எழுதினால், எந்த பஸ்ஸின் வசூல் என்று கம்பைலர் கேட்காமல் என்ன செய்யும்? நீர் பதில் சொல்லவில்லை. ஸ்டாட்டிக் போட்டு, எல்லா பஸ்ஸுக்கும் பொதுவாக ஒரே வசூல் என்று அறிவித்துவிட்டீர். ஸ்டாட்டிக் மாறி கிளாஸுக்கு ஒன்றுதான். ஆயிரம் பஸ் உருவாக்கினாலும் அது ஒன்றுதான். 138இன் பணம் 100இல் தெரிந்ததற்கு வேறு மாயம் ஒன்றும் இல்லை.

ஆகவே மெயினை பஸ் கிளாஸுக்குள் வைக்காமல் தனிக் கிளாஸுக்குக் கொண்டுபோம். அங்கே நியூ போட்டு இரண்டு பஸ்ஸை உருவாக்கும். டிக்கெட் கொடுக்கும் மெதட்டை ஒவ்வொரு முறையும் பஸ்ஸின் பெயரைச் சொல்லி, புள்ளி வைத்து அழையும். வசூலை பிரைவேட் ஆக்கும், வெளிக் கிளாஸ்கள் நேரே தொட முடியாது. இதை ஒப்படையில் புள்ளி வாங்கச் செய்யும் சடங்காக நினைக்க வேண்டாம். வசூலை மாற்றும் வழி டிக்கெட் கொடுக்கும் மெதட் ஒன்றுதான் என்றால், நாளைக்குத் தொகை பிழைத்தால் தேடவேண்டிய இடமும் அது ஒன்றுதான். கிளாஸ் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். விரிவுரையில் காட்டும் நாய், பூனை, மிருகம் படங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஸ்டாட்டிக் கூடவே கூடாது என்று இல்லை. எல்லா பஸ்களுக்கும் தொடராகப் போகும் டிக்கெட் இலக்கம் வேண்டுமானால், அடுத்த இலக்கம் ஸ்டாட்டிக்காக இருப்பதே சரி.

இன்னும் குழப்பமாக இருந்தால் புளூஜே என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பாரும். படிப்பவர்களுக்கென்றே செய்தது. மெயின் இல்லாமலேயே கிளாஸின் மேல் வலது சொடுக்கி ஒப்ஜெக்ட் உருவாக்கலாம். அவை திரையின் அடியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு பஸ்ஸுக்கும் இரண்டு வசூல் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு இந்தக் கேள்வி உமக்கு வராது.

இனி 100, 150 விவகாரம். அரேலிஸ்டுக்குள் வெறும் இன்ட் (சாதாரண முழு எண்) போகாது. ஜாவா அதை இன்டிஜர் என்ற ஒப்ஜெக்டாகச் சுற்றித்தான் உள்ளே வைக்கும். ஒப்ஜெக்டுகளுக்கு நடுவில் இரட்டைச் சமக்குறி போட்டால், இரண்டும் ஒரே ஒப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்காது. -128 முதல் 127 வரையான எண்களுக்கு ஜாவா முன்பே செய்து வைத்த ஒப்ஜெக்டையே திரும்பத் திரும்பத் தருகிறது. அதனால் 100 தற்செயலாகத் தப்பியது. 150க்கு வழக்கமாக வெவ்வேறு ஒப்ஜெக்டுகள் பிறக்கின்றன. உள்ளே இருக்கும் மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் மெதட்டைப் பயன்படுத்தும். அல்லது எடுத்து இன்டில் வைத்துவிட்டு ஒப்பிடும். 100 போன்ற சிறிய தொகைகளை மட்டும் போட்டுச் சோதித்துவிட்டு ஒப்படைத்திருந்தால் இது உமக்குத் தெரிந்தே இருக்காது. எழுத்துத் தொடரான ஸ்ட்ரிங்கிலும் இதே குழி உண்டு: வகையை விசைப்பலகையிலிருந்து வாங்கி, நிரலில் எழுதிய அதே சொல்லோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் சமமில்லை என்றே வரும்.

வெள்ளவத்தை அறைவாசி:

அக்கா, மிக்க நன்றி. மெயினை வெளியே எடுத்தேன், இரண்டு வசூலும் பிரிந்துவிட்டன. ஒரு சந்தேகம். சாதாரண பஸ், அரைச் சொகுசு, குளிரூட்டியது என்று மூன்று துணைக் கிளாஸ் எழுதினால்தானே, ஒரு கிளாஸ் இன்னொன்றிடமிருந்து பெற்றுக்கொள்ளும் இன்ஹெரிட்டன்ஸ் எனக்குத் தெரியும் என்று காட்டலாம்? கூடப் படிக்கும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆய்வுகூட அக்கா:

ஒப்படைத் தாளில் இன்ஹெரிட்டன்ஸ் கட்டாயம் என்று அச்சிட்டிருந்தால் எழுதும். புள்ளியை இழக்க வேண்டாம். அப்படி இல்லையென்றால் எழுத வேண்டாம். உமது மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெருக்கெண். ஒன்று, ஒன்றரை, இரண்டு. அதை ஒரு மாறியில் வைத்து, பஸ்ஸை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால் தீர்ந்தது. ஓர் எண்ணை மாற்றுவதற்கு ஒரு கிளாஸா?

நடத்தை மாறும்போதுதான் துணைக் கிளாஸுக்கு வேலை வருகிறது. காலிக்கு அதிவேக வீதியில் ஓடும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளும். அதில் ஆட்களை நிற்க வைத்து ஏற்ற மாட்டார்கள்; ஆசனம் முடிந்தால் டிக்கெட்டும் முடிந்தது. 138இல் அப்படி ஒரு விதியை எழுதினால் பயணிகள் சிரிப்பார்கள். "இன்னும் ஒருவரை ஏற்றலாமா" என்ற கேள்விக்கு இரண்டு பஸ்ஸும் வேறு வேறு விதமாகப் பதில் சொல்கின்றன. அந்த மெதட்டை அதிவேக பஸ் தன் துணைக் கிளாஸில் ஓவர்ரைடு செய்யட்டும், அதாவது தன் விதிப்படி மாற்றி எழுதட்டும். பிறகு எல்லா பஸ்களையும் ஒரே பட்டியலில் போட்டு, இஃப் ஒன்றும் இல்லாமல் ஒவ்வொன்றையும் அதே கேள்வி கேளும். பொலிமோர்ஃபிசம் என்று சோதனைக்கு மனப்பாடம் செய்வது இதைத்தான்.

பஸ் உதாரணம் சலிப்பூட்டினால் ஒன்று சொல்கிறேன். இந்தக் கிளாஸ், துணைக் கிளாஸ் எல்லாம் 1960களில் நோர்வேயில் டாலும் நைகார்டும் செய்த சிமுலா மொழியிலிருந்து வந்தவை. வரிசையில் காத்து நிற்பவர்கள், அவர்களைக் கவனிக்கும் கருமபீடங்கள் போன்றவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கத்தான் அந்த மொழி பிறந்தது. இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது, கணினித்துறையின் மிக உயர்ந்த விருது, கிடைத்தது. ஆக, பஸ்ஸும் வரிசையும் இந்தப் பாடத்துக்குப் புதியவை அல்ல.

கொட்டாஞ்சேனை நிரலர்:

அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் பெருக்கெண்ணை வெளியிலிருந்து கொடுக்க விட்டால் யாராவது 1.7 என்று கொடுப்பார்கள். வகையை enum (குறித்த சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) ஆக்கி, மூன்று பெருக்கெண்ணையும் அதற்குள்ளேயே பூட்டிவிடுங்கள். வகையை ஸ்ட்ரிங்கில் ஒப்பிடும் தொல்லையும் அதோடு போய்விடும்.

ஆய்வுகூட அக்கா:

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதைவிட இது நல்லது.

கொட்டாஞ்சேனை நிரலர்:

தம்பி, வசூலை டபிள் என்ற தசம எண் வகையில் வைத்திருக்கிறீர்களா? ஜாவாவில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி அச்சிட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பணத்தைச் சதக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். அச்சிடும்போது மட்டும் நூறால் வகுத்து ரூபாயாகக் காட்டினால் போதும்.