விளையாட்டின் நடுவே லேப்டாப் பட்டென்று அணைந்துவிடுகிறது. சூடும் இல்லை, நீலப் பிழைத் திரையும் இல்லை

கருங்குயில்:

மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். விளையாட்டுக்கென்றே வாங்கிய லேப்டாப், வயது மூன்றரை. எட்டு கோர் ப்ராசசர், 125 வாட் வரை இழுக்கும் கிராபிக்ஸ் சிப், விண்டோஸ் 11. எழுதவும் படம் பார்க்கவும் நாள் முழுவதும் திறந்து வைத்திருந்தாலும் ஒரு குறையும் இல்லை. கனமான விளையாட்டைத் தொடங்கினால்தான் வினை. சில நாள் பத்தாவது நிமிடத்தில், சில நாள் ஒரு மணி நேரம் கழித்து, திரை, விசைப்பலகை வெளிச்சம், விசிறிச் சத்தம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடுகின்றன. உடனே பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொள்கிறது.

சூடுதான் காரணம் என்று நினைத்துப் பின்மூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்து, சிப்பின் சூட்டைத் தகடுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன். முன்பு 95 டிகிரியைத் தொட்ட ப்ராசசர் இப்போது 82ஐத் தாண்டுவதில்லை. கிராபிக்ஸ் சிப் 74. ஆனால் அணைவது நிற்கவில்லை. சொல்லப்போனால், தூசி எடுத்த பிறகு இன்னும் அடிக்கடி அணைகிறது! விண்டோஸை மறுபடி நிறுவினேன். இரவு முழுவதும் நினைவகச் சோதனை ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல்-பவர் 41' என்று மட்டும் பதிவாகிறது.

என் தங்கை வெகு தொலைவில் இருக்கிறாள். சனிக்கிழமை இரவு சேர்ந்து விளையாடும் இரண்டு மணி நேரம்தான் நாங்கள் மனம்விட்டுப் பேசும் நேரம். மூன்று வாரமாக அது பாதியிலேயே அறுந்துபோகிறது. பழுது பார்ப்பவர் ஒருவர் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு போய்விட்டது என்கிறார். எனக்கு நம்ப மனம் வரவில்லை.

இரும்புத்தும்பி:

ப்ராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் காட்டும் வெப்பம் மட்டும் போதாது. அவற்றுக்கு மின்சாரம் ஊட்டும் சிறு பாகங்களும் சூடாகும். பல லேப்டாப்களில் அவற்றின் வெப்பநிலை திரையில் வருவதே இல்லை. மூடியைக் கழற்றியபோது அவற்றின் மேல் இருந்த மெத்தை போன்ற பட்டைகள் இடம் மாறியிருக்கலாம், ஒருமுறை பாருங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தும் விளையாடிப் பாருங்கள்.

திருப்புளி:

தம்பி, மதர்போர்டை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். நீங்கள் சொன்னதில் 'தூசி எடுத்த பிறகு இன்னும் அடிக்கடி' என்ற வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

சூட்டால் அணையும் இயந்திரம் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுக்கும். சிப் தன் எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காட்சி திக்கும், விசிறி அலறும். அதற்குப் பிறகும் வெப்பம் ஏறினால்தான் தற்காப்புக்காக அணையும். 82 டிகிரியில் அப்படி அணைய வேண்டிய தேவையே இல்லை. இப்போது தூசி விஷயத்தைத் திருப்பிப் பாருங்கள். அடைப்பு இருந்தவரை சூடு உங்கள் ப்ராசசரின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. மின்சாரமும் குறைவாகவே செலவானது. அடைப்பு போனதும் இரண்டு சிப்புகளும் முழு மூச்சில் ஓடுகின்றன, முழு அளவில் மின்சாரம் கேட்கின்றன. கேட்டது கிடைக்கவில்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

41 என்ற பதிவைக் கண்டு பயப்பட வேண்டாம். முறையாக மூடப்படாமல் அணைந்து மறுபடி திறந்தேன் என்று விண்டோஸ் சொல்வது அது, அவ்வளவுதான். அதன் விவரப் பகுதியில் பக்செக்கோடு (BugcheckCode) என்ற பிழை எண் வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால், விண்டோஸ் எந்தப் பிழையையும் பதிவு செய்ய அவகாசம் இல்லாமல் போனது என்று பொருள். மின்சாரம் அறுந்தால் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எவ்வளவு? அது லேப்டாப்போடு வந்ததுதானா? சார்ஜரில் போட்டபடி விளையாடும்போது பேட்டரி சதவீதம் இறங்குகிறதா? கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி (powercfg) கருவியிடம் பேட்டரி அறிக்கை கேட்டு, வடிவமைத்த கொள்ளளவையும் இப்போதுள்ள முழுக் கொள்ளளவையும் எழுதுங்கள்.

கருங்குயில்:

அண்ணா, பக்செக்கோடு எல்லாப் பதிவிலும் 0தான்.

அடாப்டரில் 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர் என்று இருக்கிறது. கூட வந்தது இதுவல்ல. பதினான்கு மாதத்துக்கு முன் பழையதன் வயர் கழுத்தில் அறுந்துபோனதால், முனை சரியாகப் பொருந்துகிறதே என்று இதை வாங்கினேன். பழையதில் 11.8 ஆம்பியர் போட்டிருக்கிறது. பேட்டரி அறிக்கையில் வடிவமைத்த கொள்ளளவு 80,000 மில்லிவாட் மணி, இப்போது 43,600.

நேற்று சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடினேன். சார்ஜரில் இருந்தும் 40 நிமிடத்தில் 100லிருந்து 81க்கு இறங்கியது. அணைந்தது எப்போது தெரியுமா? வரைபடத்தை மூடிவிட்டுச் சண்டைக் காட்சிக்குத் திரும்பிய அந்தக் கணத்தில். யோசித்துப் பார்த்தால் முன்பும் பலமுறை அங்கேதான் போயிருக்கிறது.

திருப்புளி:

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். பழையது 230 வாட். இப்போதுள்ளது 180. கிராபிக்ஸுக்கு 125, ப்ராசசருக்கு ஐம்பது அறுபது, திரை, விசிறி, நினைவகம் எல்லாம் சேர்ந்தால் 200ஐத் தாண்டிவிடும். பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். விளையாட்டு லேப்டாப்கள் பலவற்றின் அமைப்பே அதுதான். பேட்டரி இளமையாக இருந்தவரை உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயதான பேட்டரியிடம் திடீரென்று அதிகம் கேட்டால் அதன் வோல்ட் சரியும், லேப்டாப் அணைந்துவிடும். ஓய்வாக இருந்த சிப் ஒரே தாவலில் உச்சிக்குப் போகும் இடம் எது? வரைபடத்தை மூடும் அந்தக் கணம்தான்.

காசு செலவழிக்கும் முன் சோதித்துவிடுங்கள். விளையாட்டின் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது, 60ஐத் தாண்டாதபடி கட்டுங்கள். மின் அமைப்பில் ப்ராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வையுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அதுவே டர்போவை, அதாவது ப்ராசசர் வழக்கமான வேகத்துக்கு மேல் தாவுவதை, நிறுத்திவிடும். அணைவது நின்றால் சந்தேகம் உறுதி. பேட்டரியைக் கழற்றிவிட்டு விளையாடிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ள ஒரே துணையும் போய்விடும்.

இன்னொன்று, இதை அலட்சியம் செய்ய வேண்டாம்: டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

இரும்புத்தும்பி:

நான் சூட்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். என் லேப்டாப்பும் விளையாடும்போது சார்ஜரிலேயே சதவீதம் இறங்குகிறது. இன்றே என் அடாப்டரைத் திருப்பிப் பார்க்கப்போகிறேன்.

கருங்குயில்:

60 ஃபிரேம், 99 சதவீதம் வைத்து ஞாயிறன்று நான்கு மணி நேரம் விளையாடினேன். ஒருமுறைகூட அணையவில்லை. அதன் பிறகுதான், லேப்டாப்பைத் தயாரித்தவர்களே தரும் 230 வாட் அடாப்டரை வாங்கினேன். எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டு விளையாடி இன்றோடு ஒன்பது நாள். வரைபடத்தை வேண்டுமென்றே இருபது முப்பது முறை திறந்து மூடினேன். பேட்டரி 100லேயே நிற்கிறது.

பேட்டரி உப்பவில்லை, ஆனாலும் பாதிக் கொள்ளளவோடு அதை வைத்திருக்க மனமில்லை, புதியதற்குச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை தங்கையோடு மூன்று மணி நேரம் ஓடியது. கடைசியில் விடைபெற்று நாங்களே மூடினோம். அண்ணா, உங்களுக்கு அவளும் நன்றி சொல்லச் சொன்னாள். 180 வாட் அடாப்டரில் சிவப்புப் பட்டை ஒட்டி, 'விளையாட்டுக்கு அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறேன்.