சீனி வருத்தம் இருந்தா தாம்பத்தியத்துலயும் பிரச்சின வருமா?

ஹட்டன்காரன்:
வணக்கம். வயசு 44, தோட்டத்துல கணக்கப்பிள்ள வேல. சீனிக்கு மெட்போமின் குடிக்கிறேன். இப்ப கொஞ்ச காலமா வீட்டுல சேர ஏலாம இருக்கு, ஆசை இருக்கு ஆனா விறைப்பு வாறதில்ல, வந்தாலும் நிக்கிறதில்ல. எனக்கு வேற எங்கயோ தொடர்புனு வீட்டுக்காரி நெனைக்கிறா, அதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டம். சீனியால இப்படி வருமா? கிளினிக்ல கேக்கலாம்னா பின்னால லைன்ல நிக்கிறது பூரா நம்ம லயத்து ஆளுங்க, எப்படிங்க வாயத் தொறக்கிறது?

நுவரெலியா அண்ணன்:
தம்பி, உங்களுக்கு மட்டும் இல்ல. 2017ல பல நாட்டு ஆய்வு 145ஐ ஒண்ணாச் சேத்துப் பாத்தப்ப சீனி உள்ள ஆம்பளைங்கள்ல பாதிக்கு மேல, டைப் 2 (பெரியவங்களுக்கு வழமையா வாற சீனி) மட்டும் எடுத்தா 100க்கு 66 பேருக்கு இந்தப் பிரச்சின இருந்திச்சு, சீனி இல்லாதவங்களோட பாத்தா மூணரை மடங்கு. சீனி ரத்தக் கொழாயையும் நரம்பையும் கெடுக்குது, அதுதான் காரணம், ஆம்பளத்தனம் போச்சுன்னு எல்லாம் இல்ல. ஆனா ஒண்ணு, அங்க போற கொழாய் இருதயத்துக்குப் போறதவிட சின்னது, அதனால அடைப்பு மொதல்ல அங்கதான் தெரியும். நெஞ்சு நோவு வர சில வருசத்துக்கு முந்தியே இது வந்தவங்க நெறயப் பேர். ஈசிஜி, ப்ரெஷர், கொலஸ்ட்ரோல் எல்லாத்தையும் பாத்துருங்க. சிகரெட் இருந்தா விட்டுருங்க.

டிஸ்பென்சரில வேல செய்றவன்:
ஒரு துண்டுல "விறைப்பு பிரச்சின, தனியா கதைக்கணும்"னு எழுதி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சு நீட்டுங்க. நான் பாத்து நெறயப் பேர் இப்படித்தான் செய்றாங்க, டொக்டர்மாருக்கு இது தெனமும் பாக்குற வருத்தம். டவுன் பார்மசில விறைப்புக்குப் போடுற சில்டனபில் குளிசைய சும்மா வாங்கிப் போட்டுறாதீங்க தம்பி! நெஞ்சு நோவுக்கு நாக்குக்கடியில வைக்கிற குளிசை பாவிக்கிறவங்க அதையும் போட்டா ப்ரெஷர் பொசுக்குனு எறங்கி உயிருக்கே ஆபத்து.

பண்டாரவளை அக்கா:
பொம்பளைங்களப் பத்தி யாருமே கதைக்கல, அதான் எழுதுறேன். சீனி உள்ள பொம்பளைங்களுக்கும் வறட்சி, சேரும்போது நோவு, ஆசை கொறையிறது, வெள்ளபடுதல் அரிப்பு எல்லாம் வரும். காலைல பிரட்டுக்குப் போயி மலையேறிக் கொழுந்து பறிச்சுட்டு வாறவ "அசதி"னு சொல்லிட்டுப் படுத்துருவா, புருசனும் கேக்க மாட்டான். சுகவனிதையர் கிளினிக்ல மிட்வைப் மிஸ்கிட்ட சொல்லலாம், நல்லாக் கேப்பாங்க. தம்பி, அடுத்த கிளினிக்குக்கு வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போங்க, டொக்டர் வாயால கேட்டா அந்தச் சந்தேகம் போயிரும்.

ஹட்டன்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அவளையும் கூட்டிட்டுப் போறேன். ப்ரெஷருக்கு அட்டெனலோலும் குடிக்கிறேன், அதாலயும் இருக்குமா?

நுவரெலியா அண்ணன்:
இருக்கலாம், சிலருக்கு அந்தக் குளிசையாலயும் வரும். ஆனா நீங்களா நிப்பாட்டிறாதீங்க, திடீர்னு விட்டா இருதயத்துக்குக் கூடாது. அதையும் அந்தத் துண்டுலயே எழுதிருங்க, தேவைனா டொக்டர் மாத்தித் தருவாங்க.